பதக்கத்துக்கும் பூ உண்டு, தலை உண்டு

சென்ற இதழில் பிசனெல்லோ என்ற இத்தாலிய ஓவியர் 1438, 39 வாக்கில் செய்த ஒரு வெண்கலப் பதக்கத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கான்ஸ்டான்டிநோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) பேரரசர் எட்டாம் ஜான், துருக்கியரை எதிர்க்கப் படை கேட்டு இத்தாலிக்கு வந்த சமயத்தில் செய்தது. ஒருபுறம் கூரான தொப்பியோடு அவர் முகம், மறுபுறம் குதிரைமேல் அவர். அந்த ஒரு பக்கத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. மதுரையில் பள்ளிக்கூடத்துக்கும் கிளப்புக்கும் ஷீல்டு, மெடல் செய்து கொடுத்தே தலை நரைத்தவன் நான். அதற்கு முன்னால் மூன்று வருஷம் சுவாமிமலையில் மெழுகு பிசைந்தேன். சரித்திரப் பேராசிரியர் இல்லை. கையில் பட்டதையும் கண்ணில் பட்டதையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

“பதக்கம் என்கிறீர்கள். கழுத்தில் மாட்டுவதா, பரிசா, காசா?”
(சேலம் வாசகர்)

மூன்றும் இல்லை சார். கடையில் நீட்டினால் ஒரு ரொட்டிகூடக் கிடைக்காது. ஓடி ஜெயித்து வாங்கியதும் கிடையாது. ஒரு பிரபு தன் முகத்தைத் தானே சொல்லி வார்க்கச் செய்து, வேண்டியவர்களுக்கும் வேண்டியவர்களாக ஆக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்கும் அனுப்பிவைப்பார். வாங்கியவர் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து, விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுவார். துளை போட்டு மாட்டி வைத்தவர்களும் உண்டு. கல்யாணப் பத்திரிகை, கட்சிப் போஸ்டர், குடும்பப் போட்டோ மூன்றையும் உருக்கி ஒன்றாக ஊற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆசை அவர்களுக்கு ரோமானியக் காசைப் பார்த்து வந்தது. இத்தாலியில் மண்ணைத் தோண்டினால் அகஸ்டஸ், டைபீரியஸ் முகம் போட்ட காசு கிடைக்கும். கரூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் கையிலும் அதே முகங்கள் அகப்பட்டிருக்கின்றன. செத்து ஆயிரத்து நானூறு வருஷம் ஆன ஒருவன், யார் என்று பேர் சொல்லும்படி உள்ளங்கையில் கிடக்கிறான். அதைப் பார்த்த பிரபுவுக்கு, நாமும் இப்படிக் கிடந்தால் என்ன என்று தோன்றாமல் இருக்குமா?

காசு சுண்டும்போது ‘பூவா, தலையா’ என்கிறோமே, அதையே இங்கும் வைத்துக்கொள்கிறேன். தலைப்பக்கத்தில் முகம். பூப்பக்கத்தில் விஷயம். எங்கள் பட்டறை மெடலில் பூப்பக்கம் மொட்டை. ‘100 மீட்டர், இரண்டாம் இடம்’ என்று ஸ்டிக்கர் ஒட்ட இடம் விடுவோம். அவர்கள் அந்தப் பக்கத்தில்தான் மூளையைச் செலவழித்தார்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் பூப்பக்கத்துச் சமாசாரம்தான்.

“பிசனெல்லோதான் ஆரம்பித்து வைத்தார் என்று எழுதியது பிழை. 1390இலேயே பதுவாவில் செய்திருக்கிறார்கள்.”
(ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்)

ஒப்புக்கொள்கிறேன் ஐயா, அவசரப்பட்டுவிட்டேன். 1390இல் பதுவா நகரை மீட்டுக்கொண்ட கர்ராரா குடும்பத்தார், ரோமானியக் காசின் ஜாடையில் தங்கள் முகத்தைப் போட்டுப் பதக்கம் அடித்தார்கள். பிரான்சில் பெர்ரி கோமகன் ஜான் வைத்திருந்த, கான்ஸ்டன்டைன், ஹெராக்ளியஸ் என்ற பழைய பேரரசர்களின் உருவம் போட்ட பெரிய பதக்கங்களும் முந்தியவைதான்.

ஆனாலும் ஒன்று சொல்வேன். ஊருக்கு வந்திருக்கிற ஆளை நேரில் பார்த்துப் படம் எழுதிக்கொண்டு, அதை உள்ளங்கை நிறையும் அளவுக்குப் பெரிதாக வார்த்து, பூப்பக்கத்தில் ஒரு காட்சியையும் வைத்து, ‘ஓவியன் பிசானோவின் வேலை’ என்று கையெழுத்தும் போட்டவர் பிசனெல்லோ. அந்தக் கையெழுத்தையும் லத்தீனில் ஒருமுறை, கிரேக்கத்தில் ஒருமுறை போட்டிருக்கிறார். வந்த விருந்தாளிக்கும் படிக்கத் தெரியவேண்டும் அல்லவா! ‘ஓவியன்’ என்றுதான் போட்டுக்கொண்டாரே தவிர, வார்ப்புக்காரன் என்று போடவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

“அந்தப் பேரரசர் கேட்ட படை கிடைத்ததா?”
(வாசகி, நாகர்கோவில்)

இப்படி ஒரு கேள்வி வந்ததே, சந்தோஷம் அம்மா. கிடைத்த மாதிரி இருந்தது, நிலைக்கவில்லை. அவர் வந்தது கிரேக்கத் திருச்சபையையும் ரோமாபுரித் திருச்சபையையும் ஒன்றாக்கச் சம்மதம் சொல்லி, பதிலுக்குப் படை வாங்கிப்போக. ஃபெராராவில் 1438இல் மாநாடு தொடங்கியது. கொள்ளைநோய் வந்ததால் அடுத்த ஆண்டு ஃபுளோரன்சுக்கு மாற்றினார்கள். 1439 ஜூலை 6ஆம் தேதி ஒப்பந்தத்தைப் படித்தார்கள். ஊருக்குத் திரும்பினால் சொந்த ஜனங்களே அதை ஏற்கவில்லை. புறப்பட்டு வந்த படையும் 1444இல் வார்னாவில் தோற்றது. ஜான் 1448இல் இறந்தார். ஐந்து வருஷத்தில், 1453இல், கான்ஸ்டான்டிநோபிள் துருக்கி சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கைக்குப் போனது.

நிலைத்தது தொப்பி. அந்தக் கூர்முனைத் தொப்பியும் ஆட்டுத்தாடியும் பதக்கம் வழியாக ஓவியர்களின் பட்டறைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. பியரோ தெல்லா பிரான்செஸ்கா, ஏசுவைச் சாட்டையால் அடிக்கும் காட்சியை வரைந்தபோது ரோமானிய ஆளுநர் பிலாத்துவுக்கு இந்தத் தொப்பியைத்தான் போட்டார். அரெஸ்ஸோ ஊர்த் தேவாலயச் சுவரில் கான்ஸ்டன்டைனுக்கும் இதையே போட்டார். படை கேட்டு வந்த மனிதர் கீழ்த்திசை அரசன் வேஷத்துக்கு அளவுச்சட்டை ஆகிவிட்டார்.

“இது வார்த்ததா, அடித்ததா? நம் விக்ரக வார்ப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?”
(இளைஞர், கும்பகோணம்)

தம்பி, ஆரம்பத்தில் எல்லாம் வார்த்ததுதான். ஸ்லேட்டுப் பலகை மாதிரி ஒரு வட்டத்தில் மெழுகை வைத்து முகத்தை எழுப்புவார்கள். தலைக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று, தனித்தனியாக. எழுத்தும் மெழுகுதான். அதை நைசான மண்ணில் அழுத்திப் பதிவெடுத்து, இரண்டு பாதியையும் எதிரெதிராகச் சேர்த்துக் கட்டி, உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலையில் நாம் என்ன செய்கிறோம்? மெழுகு உருகி ஓடிப்போகிறது, கரு என்கிற மண் அச்சையும் உடைத்துவிடுகிறோம். ஒரு மெழுகுக்கு ஒரு விக்ரகம். அவர்களுக்கு மாதிரி மிஞ்சும். மெழுகு தேய்ந்துவிடுமே என்று ஈயத்தில் ஒன்று வார்த்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து எடுத்ததும் உண்டு. ஒரே முகம் பத்து ஊருக்குப் போனதற்கு அந்த மிச்சமான மாதிரிதான் காரணம்.

என் மகள் லண்டனில் இருக்கிறாள். அங்கே பிரிட்டிஷ் மியூசியத்தில் நாணயங்களுக்கும் பதக்கங்களுக்கும் என்று ஒரு படிப்பறை உண்டு. முன்கூட்டி எழுதிக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அவளைப் பார்க்கப் போனபோது நானும் எழுதிக் கேட்டுப் போனேன். கையைக் கழுவிவிட்டு உட்காரச் சொன்னார்கள். ஒரு தட்டில் பேரரசர் வந்தார்.

முகத்தைப் பிறகு பார்க்கலாம் என்று நான் முதலில் ஓரத்தைத்தான் தடவினேன். தொழில் புத்தி. அரம் போட்ட தடம் விரலுக்குத் தெரிந்தது. ஊற்றுவாய் இருந்த இடம் எது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியாதபடி வழித்திருந்தான் அந்தப் புண்ணியவான். ஆனால் முகத்தில் உளி பட்ட அடையாளமே இல்லை. கன்னம், தாடி, தொப்பியின் மடிப்பு எல்லாம் மெழுகில் விரல் போன வாக்கிலேயே நிற்கின்றன. நாமானால் வார்த்து முடித்ததும் சீவுளியை எடுத்துக்கொண்டு கண்ணைத் திறக்க உட்கார்ந்துவிடுவோம்.

பிறகு திருப்பினேன். இரண்டு பக்கமும் பாறை. நடுவே பேரரசர் வேட்டைக்குப் போகிற கோலத்தில் குதிரைமேல். வழியோரச் சிலுவை ஒன்றைக் கண்டு நிறுத்திக் கைகூப்புகிறார். இடதுபக்கம் அவருடைய ஏவல் பையன் இன்னொரு குதிரையில். அந்தக் குதிரை நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வால், பிட்டம், பின்னங்கால் இரண்டு, அவ்வளவுதான் குதிரை. ஒரு நூல் உயரத்துக்கும் குறைந்த புடைப்பில் அந்த மிருகம் உள்ளே நுழைந்து போவது மாதிரி தெரிகிறது. பேரரசரை மறந்துவிட்டு அந்தப் பிட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாநாட்டுக்கு வந்த இடத்திலும் அவர் வேட்டையில்தான் குறியாக இருந்தார் என்று அந்தக் காலத்திலேயே புகார் உண்டு. பதக்கத்தில் அதே வேட்டை பக்தியாக மாறியிருக்கிறது. பூப்பக்கம் எப்படி வேலை செய்கிறது, பார்த்தீர்களா?

அடிப்பது பின்னால் வந்தது. எஃகில் டை என்கிற அச்சை வெட்டி, திருகு பிரஸ்ஸில் வைத்து அழுத்தும் முறை 16ஆம் நூற்றாண்டில் பரவியது. இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினி 1534இல் ஏழாம் கிளமெண்ட் போப்புக்கு அடித்த பதக்கங்கள் அந்த வகை. என் தொழிலின் நேர் பாட்டன் செல்லினிதான். இருந்தாலும் சொல்கிறேன், அடித்ததில் விளிம்பு கூர்மையாக இருக்கும், தோல் இருக்காது. வார்த்ததில் தோல் இருக்கும்.

“எல்லா முகமும் ஏன் பக்கவாட்டிலேயே இருக்கிறது?”
(கல்லூரி மாணவி, கோவில்பட்டி)

ரோமானியக் காசில் அப்படித்தான் இருந்தது என்பது ஒரு பதில். பட்டறைப் பதில் வேறு. இவ்வளவு தட்டையான வேலையில் நேர்முகம் வைத்தால் மூக்கு எழும்பாது. எழுப்பினாலும் நாலு பேர் கை பட்டால் முதலில் தேய்வது மூக்குதான். பக்கவாட்டில் நெற்றி, மூக்கு, மோவாய் ஒரே கோட்டில் போய்விடும். தேய்ந்தாலும் ஆள் தெரியும். உர்பினோ பிரபு ஃபெதெரிகோ தா மொந்தெஃபெல்த்ரோவுக்குக் கூடுதல் வசதி: குதிரைப் போட்டியில் வலது கண் போய்விட்டது, அதனால் எப்போதும் இடது பக்கம் மட்டும். ‘இந்தப் பக்கம் எடுங்க தம்பி’ என்று போட்டோக்காரரிடம் சொல்கிற பெரிய மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

“கலை சரி. அரசியல் எங்கே இருக்கிறது? ஒன்றையாவது விவரமாகச் சொல்லுங்கள்.”
(வாசகர், சென்னை)

ஒன்றே ஒன்று என்றால் பாட்சி சதிப் பதக்கம்.

1478 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை. ஃபுளோரன்ஸ் பேராலயத்தில் பூசை நடக்கிறது. நகரத்தை ஆட்டிவைத்த மெடிச்சி குடும்பத்து அண்ணன் தம்பி இருவரும் உள்ளே இருக்கிறார்கள். எதிரிக் குடும்பமான பாட்சியின் ஆட்கள் கத்தியை உருவினார்கள். தம்பி ஜூலியானோவுக்கு 19 குத்து, அங்கேயே செத்தார். அண்ணன் லொரென்சோ கழுத்தில் காயத்தோடு பக்கத்து அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். சதிக்காரர்களை ஜனங்கள் தெருவில் இழுத்தார்கள். சன்னலில் தூக்குப் போட்டார்கள்.

சில மாதத்தில் பதக்கம் தயார். மாதிரி செய்தவர் பெர்த்தோல்தோ. சிற்பி தோனதெல்லோவின் சீடர், பிற்பாடு சிறுவன் மைக்கலாஞ்சலோவுக்கு வழிகாட்டியவர். வார்த்தவர் ப்ராத்தோ ஊரில் இருந்த குவாசியலோட்டி. அவர் லொரென்சோவுக்குச் செப்டம்பர் 11ஆம் தேதி எழுதிய கடிதம் இருக்கிறது: நான்கு வார்த்து அனுப்புகிறேன் என்று. கொலை நடந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை! எங்களுக்கு ஆண்டுவிழா ஷீல்டு முடிக்கவே மூன்று மாதம் ஆகிறது.

பதக்கத்தின் அகலம் ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்குள் பேராலயத்தின் எண்கோணப் பாடகர் மண்டபம், தூண்கள், உள்ளே பூசை செய்யும் குருமார், வெளியே கத்தியோடு ஓடுகிற ஆட்கள். ஈர்க்குச்சி நுனியால் குத்தி எடுத்த மாதிரி உருவங்கள். இதற்கெல்லாம் மேலே, மண்டபத்தின் உச்சியில், லொரென்சோவின் தலை மட்டும் பிரம்மாண்டமாக உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ‘ஊரின் நலம்’ என்று லத்தீனில். கீழே பொடி உருவங்களுக்கு நடுவிலும் அவரே இருக்கிறார், சால்வையைக் கையில் சுற்றிக்கொண்டு கத்தியைத் தடுக்கிறார். திருப்பினால் அதே மண்டபம், உச்சியில் ஜூலியானோ தலை, ‘ஊரின் துக்கம்’. கீழே அவர் விழுந்து கிடக்கிறார், மேலே விழுந்து குத்துகிறார்கள்.

இந்தப் பதக்கத்துக்குப் பூவே கிடையாது, கவனித்தீர்களா? இரண்டு பக்கமும் தலை. ஒருவன் செத்தான் ஒருவன் பிழைத்தான் என்பது குடும்பச் செய்தி. அதை ‘ஊரின் துக்கம்’, ‘ஊரின் நலம்’ என்று இரண்டிரண்டு சொல்லில் ஊர்ச் செய்தியாக மாற்றிவிட்டார்கள். லொரென்சோவுக்குப் பதவி என்று ஒன்றும் இல்லை. அவர் குடியரசின் ஒரு குடிமகன், கணக்குப்படி. என் உயிர்தான் உங்கள் ஊரின் நலம் என்று அவர் வாயால் சொல்ல முடியாது. வெண்கலம் சொன்னது.

அதே வருஷம், தூக்கில் தொங்கிய சதிக்காரர்களை நகரச் சுவரில் ஆளுயரத்துக்கு வரைய ஓவியர் போத்திச்செல்லியை அமர்த்தினார்கள். 1494இல் மெடிச்சிகளை ஊரைவிட்டுத் துரத்தியதும் அந்த ஓவியங்களை அழித்துவிட்டார்கள். சுவரை வெள்ளையடிக்கலாம். நாலு பேர் பெட்டியில் இருக்கிற பதக்கத்தை எங்கே போய்த் தேடுவது?

இதற்கு ஒரு வால் உண்டு. கத்தியைப் பிடித்தவர்களில் பந்தினி என்பவன் தப்பிக் கான்ஸ்டான்டிநோபிளுக்கே ஓடிவிட்டான். அங்கே இப்போது சுல்தான் மெஹ்மத். அவர் அவனைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார். 1479 டிசம்பரில் தொங்கவிட்டார்கள். நன்றிக்கு என்ன கொடுப்பது? பெர்த்தோல்தோ மறுபடி மெழுகைக் கையில் எடுத்தார். தலைப்பக்கம் சுல்தான். பூப்பக்கம் வெற்றி ரதம்; அதில் ஒரே கயிற்றில் கட்டுண்ட மூன்று பெண்கள், அவர் பிடித்த நாடுகளாக, ‘கிரீஸ்’, ‘ட்ரெபிசாண்ட்’, ‘ஆசியா’ என்று பெயர் எழுதி. துருக்கியரிடமிருந்து கிரேக்கரைக் காப்பாற்றச் சொல்லி ஒரு பேரரசர் இதே ஃபுளோரன்சுக்கு வந்து போய் நாற்பது வருஷம் ஆகியிருக்கும். மண் அதே மண், வெண்கலம் அதே வெண்கலம்.

“பணக்காரர்கள் தங்களுக்குள் காட்டிக்கொண்டதற்குப் பெயர் பிரச்சாரமா?”
(வாசகர், ஈரோடு)

நியாயமான கேள்வி. தெருவில் போகிறவன் இதைப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் யார் பார்க்கவேண்டுமோ அவர்கள் பார்த்தார்கள்: பக்கத்து ஊர்ப் பிரபு, பெண் கொடுக்கிறவர், கடன் கொடுக்கிறவர். ஃபெராரா பிரபு லியோனெல்லோ தெஸ்தே 1444இல் நேப்பிள்ஸ் அரசர் அல்ஃபோன்சோவின் மகளைக் கட்டியபோது பிசனெல்லோ செய்த பதக்கத்தில், ஒரு சிங்கத்துக்கு மன்மதக் குழந்தை இசைச்சுவடியைப் பிரித்துப் பிடித்துப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறது. லியோனெல்லோ என்றால் குட்டிச் சிங்கம். அழகான விளையாட்டு. ஆனால் தலைப்பக்கத்தில் பெயரோடு சுருக்கெழுத்தாக ‘அரகோன் அரசரின் மருமகன்’ என்றும் போட்டிருக்கிறது. மாப்பிள்ளை எதை மறக்காமல் எழுதச் சொன்னார், பாருங்கள்.

இன்னொரு கூட்டமும் பார்க்கவேண்டும் என்று நினைத்தார்கள். இன்னும் பிறக்காத கூட்டம். ரிமினி பிரபு சிகிஸ்மோந்தோ மலடெஸ்டா தன் கோட்டையின் படத்தையே பூப்பக்கத்தில் போட்டு, 1446 என்று வருஷமும் போட்டு, மத்தேயோ தே பாஸ்தியைக் கொண்டு பதக்கம் செய்தார். அவற்றைத் தான் கட்டிய கட்டடங்களின் அஸ்திவாரத்திலும் சுவருக்குள்ளும் வைத்துப் பூசிவிட்டார். பிற்காலத்தில் இடித்தபோதும் பழுது பார்த்தபோதும் வெளியே வந்தன. பின்னால் இரண்டாம் பால் என்ற போப்பாக ஆன கர்தினால் பார்போவும் ரோமில் தன் மாளிகைச் சுவருக்குள் இப்படி வைத்தார். நாம் வாசற்கால் வைக்கும்போது நவதானியமும் நவரத்தினமும் வைப்போம். தன் முகத்தை வைக்க நமக்குத் தோன்றவில்லை.

சிகிஸ்மோந்தோவுக்குச் சுவர் நன்றாகவே உதவியது. போப் இரண்டாம் பயஸ் அவரை உயிரோடு இருக்கும்போதே நரகத்தில் சேர்த்து, 1462இல் ரோமில் கொடும்பாவி கொளுத்தினார். கொளுத்தியது சாம்பல். சுவருக்குள் இருந்தது இன்றைக்கு மியூசியத்தில்.

“பெண்களுக்குப் பதக்கம் உண்டா?”
(இல்லத்தரசி, திருச்சி)

உண்டு அம்மா, எனக்குப் பிடித்ததே அதில்தான் இருக்கிறது. மாந்துவா பிரபுவின் மகள் சிசிலியா கொன்சாகா. சின்ன வயதிலேயே கிரேக்கம் படித்தவள். அப்பா உர்பினோவின் ஒத்தந்தோனியோவுக்குக் கட்டிவைக்கப் பார்த்தார். இவள் கன்னிமாடத்துக்குப் போவேன் என்று நின்றாள். 1444இல் அந்த மாப்பிள்ளையை உர்பினோவில் வெட்டிக் கொன்றார்கள். அப்பாவும் அதே வருஷம் இறந்தார். அவள் 1445இல் அம்மாவோடு மடத்துக்குள் போய்விட்டாள்.

பிசனெல்லோ பதக்கம் செய்தது 1447இல். அப்போது அவள் துறவி. ஆனால் தலைப்பக்கத்தில் அரண்மனை உடையில்தான் இருக்கிறாள். பூப்பக்கத்தில் இரவு, வானத்தில் பிறை. ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, ஒற்றைக் கொம்பு மிருகத்தின் தலையில் கை வைத்திருக்கிறாள். கன்னிப்பெண்ணுக்கு மட்டுமே அது அடங்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. படங்களில் வழக்கமாகக் குதிரை மாதிரி போடுவார்கள். இவர் சடை தொங்கும் பெரிய வெள்ளாடு மாதிரி போட்டிருக்கிறார். வீட்டில் வளர்த்தது போல அது சோம்பலாகப் படுத்திருக்கிறது. குடும்பத்துக்கு இதில் ஒரு கணக்கு இருந்திருக்கும்: முறிந்த சம்பந்தத்தை ஊர் பேசுவதற்கு முன்னால் அதைப் பெருமையாக மாற்றுவது. இருக்கட்டும். அந்த ஆட்டு முதுகில் மெழுகை அவர் சீவியிருக்கிற விதத்தைப் பார்த்தால் கணக்கெல்லாம் மறந்துபோகும்.

மாந்துவா பிரபு ஒருவரின் மனைவி இசபெல்லா தெஸ்தேயின் பதக்கம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. தங்கத்தில் செய்து, சுற்றிலும் அவர் பெயரையே வைரத்தால் பதித்தது. அதைப் பற்றி நகைக்கடைக்காரர் யாராவது எழுதட்டும்.

“சோழர் வெண்கலம் இருக்கும் நாட்டில் இத்தாலிக்காரன் தட்டுமுட்டைப் பற்றி எழுத வெட்கமாக இல்லையா?”
(பெயர் போடாதவர்)

இல்லை சார். நடராசரை வார்த்த கையில் தழும்பு வாங்கியவன்தான் நானும். அடுத்த வீட்டு அடுப்பை எட்டிப் பார்த்தால் நம் வீட்டுச் சோறு குழைந்துவிடாது.

“தன்னைப் புகழ்ந்துகொள்ளாத பதக்கம் ஒன்றாவது உண்டா?”
(வாசகர், பாளையங்கோட்டை)

லியோனே லியோனி என்று ஒரு முரடர். போப்பின் நாணயச்சாலையில் வேலை பார்த்தவர். 1540இல் போப்பின் நகைக்காரர் ஒருவரைத் தாக்கிவிட்டார். கையை வெட்டச் சொல்லித் தீர்ப்பு. பிறகு மனமிரங்கி, துடுப்புக் கப்பலில் அடிமையாக அனுப்பினார்கள். ஜெனோவாவின் கடற்தளபதி ஆந்திரேயா டோரியா தலையிட்டு விடுவித்தார். 1541இல் லியோனி டோரியாவுக்கு ஒரு பதக்கம் செய்தார். தலைப்பக்கம் டோரியா. பூப்பக்கம் லியோனியின் சொந்த முகம், சுற்றிலும் தான் பூட்டியிருந்த விலங்குச் சங்கிலி. கொடுத்தவருக்கு நன்றி, சொன்னவருக்குக் கூச்சமில்லை. இதை என் பட்டறைப் பையன்களுக்கு அடிக்கடி சொல்வேன். முதலில் அவர்கள் கேட்பது, “கையை வெட்டியிருந்தால் என்ன அண்ணே பண்ணியிருப்பாரு?” என்பதுதான்.

மைக்கலாஞ்சலோவுக்கும் 1561 வாக்கில் அவரே செய்தார். பூப்பக்கத்தில் கண் தெரியாத கிழவர் ஒருவரை நாய் இழுத்துக்கொண்டு போகிறது. தலைப்பக்கத்தில் வயது 88 என்று இருக்கிறது. அப்போது மைக்கலாஞ்சலோவுக்கு 86தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1572 ஆகஸ்டில் பாரிசில் தொடங்கி ஆயிரக்கணக்கான புராட்டஸ்டண்டுகளைக் கொன்றார்கள். பதின்மூன்றாம் கிரெகரி, நாம் இன்று மாட்டியிருக்கிற காலண்டரைத் திருத்திய அதே போப், அதற்குப் பதக்கம் அடித்தார். ஒரு கையில் சிலுவை, ஒரு கையில் வாளோடு தேவதூதன், காலடியில் பிணங்கள், ‘ஹியூகனாட்டுகளின் (பிரெஞ்சு புராட்டஸ்டண்டுகளின்) படுகொலை’ என்று எழுத்து. வெட்கப்பட்டு மறைக்கவில்லை, விழா எடுத்தார்கள். டை வெட்டியவரின் கைவேலை சுத்தம். அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

“நீங்கள் எழுதிய பேரரசர் பதக்கம் மாதிரியே ஒன்று என் தாத்தா பெட்டியில் இருக்கிறது. காரைக்காலில் யாரோ கொடுத்ததாம். அசலா?”
(வாசகர், புதுச்சேரி)

முதலில் ஒரு கதை. பல வருஷம் முன்னால் ஒரு பள்ளிக்கூடம் பழைய மெடல் ஒன்றைக் கொண்டுவந்து, இதே மாதிரி ஐம்பது வேண்டும் என்றது. டை எங்கே என்றால் தொலைந்துவிட்டது. நான் கெட்டிக்காரத்தனமாக அந்த மெடலையே மண்ணில் பதித்து வார்த்துக் கொடுத்தேன். தலைமையாசிரியர் பழையதையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, “ஓரத்தைச் சுரண்டிப் பித்தளை மிச்சம் பிடித்தாயா?” என்று கேட்டார். சுரண்டவில்லை. உலோகம் ஆறும்போது சுருங்கும்; நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை. பணத்தைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்.

அந்தச் சுருக்கம்தான் உங்களுக்கு இப்போது உதவும். அசலிலிருந்து பதிவெடுத்து வார்த்தால் ஒன்றரை மில்லிமீட்டர் போகும். அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் என்றால் இன்னும் ஒன்றரை. இந்தப் பதக்கங்களை நாலு நூற்றாண்டாக நகல் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், ஏமாற்றவும் ஆசைக்கும். பேரரசர் பதக்கத்தின் நல்ல வார்ப்புகள் குறுக்களவில் 103 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அந்தப் பையனின் குதிரை வாலைப் பாருங்கள். மயிர் மயிராகத் தெரிகிறதா, சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருக்கிறதா? எழுத்தின் மூலைகள் மொழுக்கென்று இருந்தால் நகலின் நகல்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மேலே இருக்கும் கறுப்பை எடுத்துவிட்டால் பாதி ஆதாரம் போய்விடும். பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் வேண்டாம், தச்சரிடம் காலிப்பர் வாங்கி மூன்று இடத்தில் அளந்து ஆசிரியருக்கு எழுதுங்கள். 98 என்று வந்தால் தாத்தா ஞாபகமாகப் பெட்டியிலேயே வையுங்கள். 103 என்று வந்தால் நானே பஸ் ஏறி வருகிறேன்.